நீலப் பெடலை வாங்கச் சொன்னவள்

கோரஸ் பெடல் என்றால் என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த காரியத்தின் லட்சணம் உங்களுக்குப் புரியாது. எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவில், தரையில் வைத்துக் காலால் மிதிக்கிற ஒரு சின்ன இரும்புப் பெட்டி அது. கிட்டாரின் சத்தத்தில் ஒரு பங்கை நேராக விட்டுவிட்டு, இன்னொரு பங்கின் சுருதியைக் கொஞ்சம் மேலும் கீழுமாக ஆட்டும். நேரான சத்தமும் ஆடுகிற சத்தமும் சேர்ந்து காதில் விழும்போது ஒரு கிட்டார் நாலு கிட்டார் மாதிரி கேட்கும். இரண்டும் சேர்ந்து விழ வேண்டும் என்பதுதான் முக்கியம். அதைத்தான் நான் கோட்டை விட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு இருபத்தெட்டு வயது. பகலில் எங்கள் ஊரில் கணபதி என்கிற பகுதியில் ஒரு பம்ப்செட் பட்டறையில் லேத் ஓட்டுவேன். சாயங்காலங்களிலும் முகூர்த்த நாட்களிலும் ஒரு லைட் மியூசிக் குழுவில் கிட்டார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நாங்கள்; மில்லையும் மோட்டாரையும் தவிர வேறு எதையும் தொழில் என்று ஒப்புக்கொள்ளாத ஜனம். அப்பா என் கிட்டாரை ‘அந்தக் கட்டை’ என்றுதான் சொல்வார். அதனாலேயே எனக்கு அதில் வீம்பு அதிகம். இந்த ஜில்லாவிலேயே என்னைப்போல வாசிக்க ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். வேறு யாரும் அப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

குழுவில் பெண் குரல் ஒன்றே ஒன்றுதான். அவள் டவுன்ஹால் பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக் குழுவில் பாடுவாள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். குரல் பெரிய குரல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காது இருக்கிறதே, அப்படி ஒரு காதை நான் அப்புறம் பார்க்கவே இல்லை. கிட்டாரில் ஒரு கம்பி முடியளவு இறங்கியிருந்தால், நான் கண்டுபிடிப்பதற்கு முன்னால் அவள் திரும்பிப் பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள், பார்ப்பாள், அவ்வளவுதான். நான் முறைத்துக்கொண்டே கம்பியை முறுக்குவேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. மேடையில் கீபோர்டு அந்தக் கோடியில், டிரம்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கே இருந்தவர் குழுவின் முதலாளியான மாஸ்டர். பெரிய ஸ்பீக்கர்கள் எல்லாம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கும். பாடுகிறவளுக்கு எதுவும் சரியாகக் கேட்காது. அதனால் என்னுடைய சின்ன ஸ்பீக்கர் பெட்டியை அவள் காலடியில், அவளைப் பார்த்து வைத்துவிடுவேன். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் அந்தப் பாட்டின் கார்டை, அதாவது அதன் சுருதிக்குச் சேர்ந்த சில ஸ்வரங்களை ஒன்றாக, மெதுவாக ஒருதரம் மீட்டுவேன். அவள் தலையைச் சாய்த்து வாங்கிக்கொண்டு, லேசாகத் தலையாட்டுவாள். அப்புறம்தான் மாஸ்டர் ஒன், டூ என்று கணக்குக் கொடுப்பார். நாலு வருஷம் இப்படித்தான் ஓடியது. மேடையில் அவளுக்கு இருந்த ஒரே பிடி அந்தப் பெட்டிதான்.

ஒரு சனிக்கிழமை, டவுன்ஹால் பக்கத்து இசைக்கருவிக் கடையிலிருந்து எனக்கு ஆள் வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த யாரோ இரண்டு கோரஸ் பெடல் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், வந்து பார் என்று. ஆர்மோனியமும் தபலாவும் விற்கிற கடை அது. பெடலைப் பற்றி அதுவரை நாங்கள் பேசித்தான் இருந்தோம், கண்ணால் பார்த்ததில்லை. கையில் கிரீஸோடு ஓடினேன். போகிற வழியில் இன்ஸ்டிட்யூட்டில் எட்டிப் பார்த்து, மதியச் சாப்பாட்டு நேரம்தானே, வந்து கேட்டுச் சொல் அம்மணி என்று அவளையும் கூப்பிட்டேன். அவள் காதுக்காகத்தான் கூட்டிப்போனேன். கூட்டிப்போய் அந்தக் காது சொன்னதைக் கேட்கவில்லை, அதுதான் என் புத்தி.

ஒன்று நீலம். கொஞ்சம் பெயின்ட் உதிர்ந்த பழசு. இரண்டே திருகு, சத்தம் வெளியே போக ஒரே ஓட்டை. மிதித்தால் ஏதோ ஈரத்துணியால் துடைத்துவிட்ட மாதிரி கிட்டார் கொஞ்சம் பளிச்சென்று ஆகும், அவ்வளவுதான். இன்னொன்று சாம்பல் நிறம், புத்தம் புதுசு. நாலு திருகு, இரண்டு ஓட்டை. கடைக்காரர் இரண்டு ஓட்டையிலும் இரண்டு ஒயரைச் செருகி, கடையின் இந்தப் பக்கம் ஒரு பெட்டி, அந்தப் பக்கம் ஒரு பெட்டி வைத்து, வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கடையே அகலமாகிப் போனது. அடேயப்பா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கடையின் நடுவில் நின்றுகொண்டு திரும்பத் திரும்ப ஒரே கார்டை மீட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. இந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி இதற்கே வந்தாள்.

“ஏனுங்ணா, இந்தப் பொட்டிகிட்ட நின்னா சுருதி ஆடுதுங். அந்தப் பொட்டிகிட்ட ஆடல. நடுவால நின்னாத்தான் நல்லாருக்குது. அந்த நீலத்தையே வாங்கிக்கோங்ணா, அது எங்க நின்னாலும் ஒண்ணாத்தான் கேக்குது.”

நியாயமாக, லேத் ஓட்டுகிறவன் அந்த இடத்தில் நின்று, ஏன் ஒரு பெட்டி மட்டும் ஆடுகிறது என்று யோசித்திருக்க வேண்டும். ஒரு நூல் பிசகினால் பேரிங் உட்காராது என்று தெரிந்தவன் நான். ஆனால் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண்பிள்ளை எனக்கு கிட்டார் சாமான் தேர்ந்தெடுத்துத் தருவதா என்று ஒரு கொழுப்பு வந்துவிட்டது.

“அம்மணி, இது கோரஸ். ஆடத்தான் செய்யும். அச்சு மாதிரி நிக்கறதுக்கு இது என்ன டைப்ரைட்டரா?” என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டு, மணியாச்சுங்ணா என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். நான் சாம்பல் நிறத்தை வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

அன்று கடையில் நடந்தது இதுதான்: அந்தப் பெடலில் இரண்டு ஒயரையும் செருகினால், நேரான சத்தம் ஒரு ஒயரிலும் ஆடுகிற சத்தம் இன்னொரு ஒயரிலும் தனித்தனியாகப் பிரிந்து போகும். ஒரே ஒயரைச் செருகினால் உள்ளேயே கலந்து வரும். இது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு ஓட்டை இருந்தால் இரண்டிலும் செருக வேண்டும் என்பதுதான். மேடையில் ஒரு ஒயரை, கூட்டத்தைப் பார்த்த ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் அனுப்புகிற மாஸ்டரின் மிக்ஸருக்குக் கொடுத்தேன். இன்னொன்றை, அவள் காலடியில் இருந்த என் பெட்டிக்குக் கொடுத்தேன். கூட்டத்துக்குப் போனது நேரான சத்தம். அவளுக்குப் போனது வெறும் ஆட்டம்.

எனக்கு இரண்டும் கேட்கிற மாதிரி நான் நின்றிருந்தேன். சொர்க்கமாக இருந்தது. மெதுவான பாட்டு வந்தால் போதும், காலை ஓங்கி ஒரு மிதி. நான் அத்தனை பெருமையாக மிதித்த அந்தக் கோரஸைக் கூட்டத்தில் ஒருத்தர்கூடக் கேட்கவே இல்லை என்பதை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

முதல் கச்சேரி கணபதியிலேயே ஒரு ஃபவுண்டரியில் ஆயுத பூஜைக்கு. மெதுவான பாட்டுகளில் அவள் சுருதி நிற்கவில்லை. தேடுகிற மாதிரி மேலே போவாள், கீழே வருவாள். நான் பெடலை மிதிக்காத வேகமான பாட்டுகளில் ஒரு குறையும் இல்லை. ஜலதோஷம் என்றார்கள். அடுத்தது பெருந்துறையில் ஒரு கல்யாண ரிசப்ஷன். அங்கேயும் அதே கதை. முன்வரிசையில் மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பந்திக்கு எழுந்து போனார். மாஸ்டர் கீபோர்டிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள், இன்னொரு தரம் சுருதி கொடுங்கள் என்று. நானும் கொடுத்தேன். பெடலை மிதித்தபடியே கொடுத்தேன்.

அந்த வாரம் பிராக்டிஸின்போது மாஸ்டர் எல்லோருக்கும் முன்னால்தான் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை அவர், கத்தவும் இல்லை. “அம்மணி, கொஞ்ச நாளைக்கு ஊட்ல இருந்து ரெஸ்ட் எடு. சுருதி நிக்க மாட்டீங்குது. ஊர்ல நம்ம பேரு கெட்டுப்போகுமில்ல” என்றார். அவள் பாட்டு எழுதி வைத்திருந்த நோட்டைப் பையில் வைத்தாள். எல்லோருக்கும் பொதுவாக, வாரேனுங்க என்றாள். பெடலைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கடையில் கண்டுபிடித்தவளே அவள்தானே. ஆனால் அவளுக்கே அது மறந்திருக்கும், அல்லது தன் காதின் மேல் இருந்த நம்பிக்கை அதற்குள் போயிருக்கும்.

அதற்கு அடுத்த வாரம் நான் பிராக்டிஸுக்குச் சீக்கிரம் போய்விட்டேன். ஒயர்களை வழக்கம்போல இரண்டு பக்கமும் செருகினேன். மிக்ஸரின் ஸ்விட்சைப் போட மறந்துவிட்டு, என் பெட்டிக்கு எதிரில், அவள் நிற்கிற இடத்தில் நின்று, பெடலை மிதித்து மீட்டிப் பார்த்தேன். டேப் இழுத்துப்போன கேசட் மாதிரி வழிந்துகொண்டு வந்தது கார்டு. இதில் எதை சுருதி என்று பிடிப்பது? மிக்ஸர் ஒயரைப் பிடுங்கினேன். சரியாகிவிட்டது. மறுபடியும் செருகினேன். வழிந்தது. நான் அப்படியே பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மாதமாக அவள் இதைக் கேட்டுக்கொண்டுதான் பாடியிருக்கிறாள்.

மாஸ்டர் வந்தார். வாயைத் திறந்தேனா? இல்லை. ஒரு ஒயரைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு, கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பொள்ளாச்சியிலிருந்து ஒரு பெண் அடுத்த மாதம் வருகிறது என்று அவர் சொன்னார். சரி மாஸ்டர் என்றேன். சொல்ல எத்தனை நேரம் ஆகும், அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்துக்குத் துப்பில்லாமல் போயிற்று.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கே போனேன், சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான். அவள் அம்மா காபி கொடுத்தார்கள். அவள் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சர்ச்சிலும் பாடவில்லையாம்; பாட்டுக் குழுவில் சும்மா வாயை அசைத்துக்கொண்டு நிற்கிறாளாம். காது டாக்டரிடம் போய் வந்ததைச் சொன்னாள். ஒன்றுமில்லை, சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

“டாக்டருக்கு என்னங்ணா தெரியும். என்ர காது எனக்குத் தெரியாதுங்களா, என்னமோ ஆயிப்போச்சுங்” என்றாள். அப்புறம், என்னைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ, பேச்சை மாற்றினாள். “பெடல் நல்லாருக்குதுங்களா?”

“நல்லாருக்குது அம்மணி” என்றேன்.

காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டு வார்த்தைதான் இன்னும் வாயில் கசக்கிறது.

பொள்ளாச்சிப் பெண் வந்தது. ஒரே ஒயர், உள்ளேயே கலந்து வந்தது, ஒரு பிசகும் இல்லை. பார்த்தீங்களா, சுருதின்னா இப்படி நிக்கணும் என்று மாஸ்டர் பூரித்துப் போனார். நானும் தலையாட்டினேன். எங்கள் பழைய அம்மணி மறுவருஷம் கல்யாணம் ஆகி பவானிக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது, நான் போகவில்லை. அன்று கச்சேரி இருந்தது என்று சொல்லிக்கொண்டேன். இருக்கவில்லை.

தொண்ணூற்றொன்பதில், அதற்குள் கச்சேரியெல்லாம் ஓய்ந்துபோய் எனக்குப் பட்டறையும் குடும்பமும் மட்டும்தான், ஒரு பம்ப் சாமான் விஷயமாக பவானி போயிருந்தேன். மத்தியான வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், பின்னாலிருந்து ‘ஏனுங்ணா’ என்று குரல். அந்தக் குரலை எனக்குத் தெரியாதா. கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயதுப் பெண் குழந்தை. அண்ணி நல்லா இருக்காங்களா, மாஸ்டர் எப்படி இருக்கிறார் என்று எல்லாவற்றையும் விசாரித்தாள். பாடுகிறாயா என்று கேட்டேன். அதையெல்லாம் விட்டுப்போட்டேனுங்ணா என்றாள், சாதாரணமாக, பழைய வேலையைச் சொல்கிற மாதிரி.

அப்போதுதான் சொன்னேன். இரண்டு ஓட்டை, இரண்டு ஒயர், அவள் காலடிப் பெட்டி, மிக்ஸரைப் போடாமல் நான் கேட்டது, அவள் வீட்டுக்கு அதைச் சொல்லத்தான் வந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். கடையில் நீ சொன்னதுதான் சரி அம்மணி, அன்றைக்கு நீலத்தை வாங்கியிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. என் பாரத்தை இறக்கி வைக்கப் பார்த்தவன்தானே நான், அப்போதும் என்னைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

 எதிரே ஒரு பஸ்ஸில் ஜமக்காளக் கட்டுகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப என்ர காது நல்லாத்தான் இருந்துச்சுங்களா?”

“நல்லாத்தான் இருந்துச்சு அம்மணி.”

குழந்தை கையை இழுத்தது. அவள் குனிந்து அதன் முகத்து வியர்வையை முந்தானையால் துடைத்தாள்.

“போன மாசம் இவ டீச்சர் வந்து கேட்டாங்ணா, ஸ்கூல்ல பாட்டுக்குச் சேத்துக்கறோமுன்னு. நல்லா பாடறாளாம். நாந்தான் வேண்டாமுன்னு சொல்லிப்போட்டேன். என்ர காதுதான இவளுக்கும் இருக்கும், நாளைக்கு நாலு பேரு முன்னால நின்னு அசிங்கப்பட வேண்டாமுன்னு.”

 அவள் பஸ் வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அப்போதும் என்னிடம், வாரேனுங்ணா என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினாள்.