ஒரு காதுக்கு மட்டும் பாடிய ரேடியோ

1974ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் ஆறாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். மாத்தளைக்கு மேலே, எல்கடுவ தேயிலைத் தோட்டத்து மலையில் காலையிலிருந்தே தூறல். எதிர்மலை தெரியவில்லை. நிமிடம் வரைக்கும் எப்படித் தெரியும் என்று என் பிள்ளைகள் கேட்பார்கள். எங்கள் வீட்டில் கடிகாரம் இருந்ததில்லை. அறிவிப்பாளர் நேரத்தைச் சொல்லி முடித்து, அடுத்த பாட்டை விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். மூன்றாவது பெயரின் நடுவில் ரேடியோ ஊமையாகிவிட்டது.

அம்மா கையில் ஒட்டிய ரொட்டி மாவோடு அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். அப்பா ரேடியோவின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் ரேடியோவுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே வைத்தியம்தான். எனக்கு அது பல தடவை பலித்திருக்கிறது. ரேடியோவுக்குப் பலிக்கவில்லை.

"பேரு வாசிக்கிறப்பவா நிக்கணும்?" என்றாள் அம்மா.

பாட்டு நின்றதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. பெயர்கள்தான் வேண்டும்.

அக்கா ஜூலை மாதம் இந்தியாவுக்குப் போயிருந்தாள். அத்தானின் குடும்பத்துக்கு இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. அப்பா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டிருந்தார், பதில் வரவில்லை. இப்படித் தோட்டத்தின் ஒரே லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் இருந்தவர்களை இரண்டு நாட்டுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அக்காவுக்கு அப்போது ஐந்து மாதம். மாத்தளை ஸ்டேஷனில் கோச்சி கிளம்பும்போது அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஒரு யோசனை சொன்னாள். கொழும்பு ரேடியோ இந்தியாவிலும் கேட்குமாம். அங்கே போய்ச் சேர்ந்ததும், பாட்டுக் கேட்டு ஒரு தபாலட்டை போடுவாளாம். அதில் எங்கள் எல்லோருடைய பெயரையும் எழுதி, பிள்ளை பிறந்திருந்தால் கடைசியில் அதன் பெயரையும் எழுதுவாளாம். வாசித்தால் எல்லாரும் சுகம் என்று தெரிந்துகொள்ளலாம்.

கடிதம் போடலாமே என்றால், அம்மாவுக்குக் கடிதத்தில் நம்பிக்கை கிடையாது. இந்தியாவில் இறங்கியவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமிலிருந்து ஒரேயொரு கடிதம் வந்திருந்தது. அக்காவுக்கு எழுதத் தெரியாது, யாரோ எழுதிக் கொடுத்தது. நான்தான் வாசித்தேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கியது. "எவன் எழுதினாலும் இதத்தானே எழுதுறான். செத்தவன் வீட்டுக் கடுதாசியிலயும் நலம்னுதான் இருக்கு" என்றாள் அம்மா. ரேடியோக்காரருக்கு நம்மிடம் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை என்பது அவளுடைய கணக்கு.

அந்த ரேடியோ எங்களுக்கு வந்ததும் அதற்காகத்தான். இந்தியாவுக்குக் கிளம்பிய ஒரு கணக்கப்பிள்ளை தட்டுமுட்டுச் சாமான்களை விற்றபோது, அப்பா அக்காவின் தபாலட்டையை நினைத்து அதை வாங்கினார். வாங்கும்போதே அதற்கு வயதாகிவிட்டிருந்தது. கைப்பிடிக்குப் பதிலாகக் கயிறு. பின்மூடி நிற்பதற்கு ஒரு ரப்பர் வளையம்.

முதலில் பெட்டரியைச் சந்தேகித்தோம். புதிய பெட்டரி வாங்க முடியாத வீடுகளில் பழையதை வெயிலில் காயவைத்துப் போடுவது வழக்கம். அது என் வேலை. சனிக்கிழமைகளில் நான்கு பெட்டரியையும் தகரக் கூரையில் அடுக்கி வைப்பேன். மழையென்றால் அடுப்புக்குப் பக்கத்தில். காய்ந்த பெட்டரிக்கும் ரேடியோ வாய் திறக்கவில்லை.

அடுத்தது மாமா. அம்மாவின் தம்பி, தேயிலை பெக்டரியில் ரோலருக்கு எண்ணெய் போடுகிறவர். அதனால் சுழலுகிற, சுழலாத எல்லா இயந்திரங்களும் தமக்குக் கட்டுப்பட்டவை என்று நினைத்திருந்தார். ரப்பர் வளையத்தைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு கரப்பான் குடும்பத்தை வெளியேற்றினார். பிறகு காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஸ்பீக்கருக்குச் சளி புடிச்சிருக்கு, அத்தான்" என்றார்.

"அப்ப இஞ்சித் தண்ணி குடுப்போமா, மச்சான்?" என்றார் அப்பா. "நீ அதுக்கு எண்ணெய் மட்டும் ஊத்திராத."

மாமா ஊற்றவில்லை. ஒரு சொட்டு மட்டும் வைத்தார்.

சம்பளம் வந்த சனிக்கிழமை அப்பா என்னையும் ரேடியோவையும் மாத்தளைக்குக் கூட்டிப் போனார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், வயிறு திறந்த ரேடியோக்களுக்கு நடுவில் ஒரு முஸ்லிம் பெரியவர் இருந்தார். அப்பா அவரை நானா என்று கூப்பிட்டார். அவர் முள்ளைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"என்னத்த ஊத்தின?"

அப்பா துண்டால் ரேடியோவின் முதுகைத் துடைத்தார்.

"ஸ்பீக்கர் பெய்த்து. மாத்தோணும். இருவத்தஞ்சி ரூவா சரி போகும். அதும் சாமான் வந்தாத்தான். கப்பல்ல இப்ப ஒண்டும் வாறல்ல."

பங்கீட்டுக் கூப்பன் மாவுக்கும் மரவள்ளிக் கிழங்குக்கும் இடையில் உயிர் பிழைத்துக்கொண்டிருந்த வருடம் அது. இருபத்தைந்து ரூபாய் என்றதும் அப்பா ரேடியோவை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். நானா கொஞ்சம் யோசித்துவிட்டு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வயரை எடுத்தார். அதன் ஒரு முனையில் ஊசி, மறுமுனையில் காதில் வைக்கும் சின்னக் குமிழ். பழையது. ரேடியோவின் விலாவிலிருந்த துளையில் ஊசியைச் செருகி, குமிழை அப்பாவின் காதில் வைத்தார். அப்பாவின் முகம் மலர்ந்தது.

"பாடுது!" என்று கடை அதிரச் சொன்னார்.

"மெல்லப் பேசுங்க. ஒங்களுக்குத்தான் பாடுது. எங்களுக்குக் காது நல்லாத்தான் ஈக்கிது" என்றார் நானா. இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் விசித்திரமாகிவிட்டன. ஒரே வயர், ஒரே காது. செய்தி நேரத்தில் அப்பா கேட்டு எங்களுக்குச் சொல்வார். அவர் சொல்லும்போது அடுத்த செய்தி போய்விடும். ஆகவே எங்களுக்கு உலகத்தில் பாதிதான் வந்துகொண்டிருந்தது. இரண்டு மணிக்குக் குமிழ் அம்மாவின் காதுக்குப் போகும். அவள் ரேடியோவை மடியில் வைத்து, கண்ணை மூடி, வரும் பெயர்களையெல்லாம் வாய்க்குள் சொல்லுவாள். திருச்சி, கோயம்புத்தூர், யாழ்ப்பாணம், யார் யாரோ. நாங்கள் அவளுடைய உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம். லயத்தின் அடுத்தடுத்த காம்பரா அறைகளில் இருந்த பெண்களும் வந்து வாசலில் குந்துவார்கள். அவர்களுக்கும் இந்தியாவுக்குப் போன பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு பெண் ரேடியோ கேட்பதை ஒரு லயமே உட்கார்ந்து பார்த்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் அம்மா கண்ணைத் திறந்து தலையை ஆட்டுவாள். இல்லை.

அப்பா எழுந்து, லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் போய்விடுவார். தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு இருட்டும் வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார். இரவு ரொட்டியைத் தொடமாட்டார். அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவர் அவர்தான். அத்தான் வீட்டார் இந்தியாவுக்கு எழுதியிருப்பது தெரிந்தேதான் பெண்ணைக் கொடுத்தார். முதல் வாரங்களில் அம்மா விடவில்லை. "நீங்கதானே அனுப்பி வச்சீங்க? இப்பப் போய்த் தண்ணிய என்னாத்துக்குப் பாக்குறீங்க?" என்பாள். தீபாவளிக்குப் பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டாள். அவருடைய கழுத்தெலும்பு சட்டைக்கு மேலே தெரியத் தொடங்கியிருந்தது. வேலைக்குப் போகும் வழியில் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டார் என்று மாமா வந்து சொன்னார்.

நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு வெயில் இருந்தது. காலையில் பெட்டரிகளைக் கூரையிலிருந்து எடுத்து ரேடியோவுக்குள் நான் போட்டேன். இரண்டு மணிக்கு அம்மா வழக்கம்போல் உட்கார்ந்தாள். சக்கரத்தைத் திருகினாள். கொஞ்சம் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசையவில்லை. வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு, ஒரு கையை மேலே தூக்கினாள்.

"சொல்றாங்க."

வாசலில் இருந்த பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அம்மா ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். அப்பாவின் பெயர், தன் பெயர், என் பெயர், மாமாவின் பெயர், அத்தான், அக்கா. கடைசியில் ஒரு ஆண்பிள்ளைப் பெயர். அது என் அப்பாவைப் பெற்றவரின் பெயர்.

"பேரன் பொறந்திருக்கான். ஒங்க அப்பா பேரைத்தான் வச்சிருக்கா" என்றாள் அம்மா. குமிழைக் காதிலிருந்து எடுத்து வயரைச் சுருட்டி வைத்தாள்.

அப்பா அசையாமல் அவளையே பார்த்தார். பிறகு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தார். கூப்பன் சீனி மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுத்த காலம். அந்தச் சீனி டப்பாவை அப்படியே அடுப்படிக்குக் கொண்டுபோய், "எல்லாருக்கும் தேத்தண்ணி போடு" என்றார். "என் பேரனுக்கு யாரும் சீனி இல்லாமக் குடிக்கக் கூடாது." லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எல்லாக் காம்பராவுக்கும் தேநீர் போனது. அன்றிரவு அப்பா ரொட்டி சாப்பிட்டார். இரண்டாவதும் கேட்டார்.

ரேடியோவை எடுத்து வைக்கத் தூக்கியபோதுதான் அதன் கனம் குறைந்திருப்பது எனக்குத் தெரிந்தது. ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பார்த்தேன். நான்கில் இரண்டு பெட்டரி இல்லை. இரண்டு பெட்டரியில் அது மூச்சுக்கூட விடாது. நான் அப்பாவிடம் ஓடினேன். வாசலில் உட்கார்ந்து டோர்ச்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அன்றிரவு பெக்டரிக் காவல் அவருக்கு.

"அப்பா, ரேடியோவுல பெட்டரி இல்ல."

"தெரியும். ரெண்டு மணிக்கு முன்னாடியே நான்தான் டோர்ச்சுக்குக் கழட்டினேன், திருப்பிப் போட மறந்துட்டேன்."

"அப்ப அம்மாவுக்கு எப்பிடி..."

"தேத்தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன்."

"இனிச்சுச்சா?"

"இனிச்சுச்சு."

"அப்ப போய்ப் படு" என்றார்.

தைப்பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் இரண்டாவது கடிதம் வந்தது. வேறு யாரோ எழுதியது. அக்காவும் அத்தானும் கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறார்கள். டிசம்பர் முதல் வாரம் பெண்குழந்தை பிறந்தது. குளிர் தாங்காமல் ஒன்பதாம் நாள் இறந்துவிட்டது. பேர் வைக்கவில்லை. தபாலட்டை போடக் கையில் காசு இருக்கவில்லை. இந்தச் செய்திக்கு மேலேயும் நலம், நலமறிய ஆவல் என்றுதான் இருந்தது.

அம்மா மாதத்தை மறுபடி வாசிக்கச் சொன்னாள். டிசம்பர் என்றேன். விரலை மடித்து எண்ணினாள். பிறகு தலையில் அடித்துக்கொள்ளத் தொடங்கினாள். எங்கள் சனங்களில் பிறக்காத பிள்ளைக்கு யாரும் பேர் வைப்பதில்லை. தொட்டிலும் கட்டுவதில்லை, துணியும் தைப்பதில்லை. வயிற்றிலிருக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எமனுக்கும் அது காதில் விழும் என்பார்கள்.

"நான்தான் கூப்பிட்டேன். பொறக்கிறதுக்கு முன்னாடி நான்தான் பேரு வச்சேன். அன்னைக்கு ரேடியோவுல ஒன்னும்..."

"ரேடியோவுல சொன்னாங்க" என்றார் அப்பா.

"இல்லங்க. நான் சொல்றதக் கேளுங்க..."

"நீயா சொன்ன? ரேடியோக்காரன் வாசிச்சான், நீ கேட்டுச் சொன்ன. ஒலகத்துல நம்ம பேருல வேற குடும்பமே இல்லியா? அவங்க பேரன் நல்லா இருக்கட்டும். நம்ம புள்ளைக்கு யாரும் பேரு வைக்கல."

"சத்தியமாவா?"

"நீ கேக்கிறப்ப நான் பக்கத்துலதானே இருந்தேன். உன் காதுலயிருந்து எனக்கும் கேட்டுச்சு."

நான் வாயைத் திறந்தேன். பெட்டரியை டோர்ச்சுக்குக் கழற்றியது இவர்தானே, மறந்துவிட்டாரோ என்று எனக்குப் பதற்றம். அப்பா என் பக்கம் திரும்பாமலே, "டேய், பீலியில தண்ணி புடிச்சுக்கிட்டு வா" என்றார். குடம் நிறைந்துதான் இருந்தது. அதை ஊற்றிவிட்டு மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தேன். வரும்போது அம்மா அழுகையை நிறுத்தியிருந்தாள். தெரிந்தே ஒரு மனிதர் ஏன் இப்படித் தப்பாகச் சாதிக்கிறார் என்று அன்று முழுக்க அவர்மேல் எனக்குக் கோபம். சரியான விடையை வைத்துக்கொண்டு தப்பான விடையை எழுதுகிறவரைப் போல அவர் எனக்குத் தெரிந்தார். அம்மா அவரை நம்பினாளா, நம்பியதாகக் காட்டிக்கொண்டாளா என்பதை இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. இருவரும் இப்போது இல்லை.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்து முதல் சம்பளம் வாங்கியபோது அந்த ரேடியோவை மாத்தளையில் வேறொரு கடைக்குக் கொண்டுபோனேன். ஸ்பீக்கரில் ஒரு பழுதும் இல்லை என்றார் கடைக்காரர். வயர் செருகும் துளைக்குள், பாட்டை ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஒரு சின்னப் பித்தளை நாக்கு. மலைக் குளிரில் பச்சைக் களிம்பு ஏறி ஒட்டிக்கொள்ளாமல் நின்றிருக்கிறது. பிளேடால் சுரண்டினார். கடை முழுக்கக் கேட்கும்படி பாடியது. அன்றே இதைச் சுரண்டியிருந்தால் எல்லோரும் கேட்டிருப்போம், அம்மா ஒன்றும் சொல்லியிருக்க முடியாது, அப்பா அந்த மாதங்களைத் தாண்டியிருப்பாரா தெரியாது. இந்தக் கணக்கைப் பல வருடங்களாகப் போட்டுப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் வேறு விடை வருகிறது.

உதிரிப்பாகம் எதுவும் தேவைப்படவில்லை. கூலி மட்டும் ஏழு ரூபாய் ஐம்பது சதம்.