பத்தாவது இலை

அன்றைக்கு ஓடைப் பாறையில் நின்றவர்கள் இவர்கள். அப்பா. அம்மா. அக்கா. நான். அப்பாவுக்கு மூத்தவரான பெரியப்பா. பெரியம்மா. அவர்கள் மகன், எனக்கு அண்ணன் முறை. சத்தம் கேட்டுக் கீழே கிராமத்திலிருந்து ஏறி வந்த சிங்கள ஐயா ஒருவர். பெரியப்பா வீட்டு நாய். நடுவில் ஒரு காட்டுப்பன்றி, செத்துக் கிடந்தது. பன்றியை விட்டால் ஒன்பது.

இதை நான் இப்போது எண்ணவில்லை. அன்றைக்கே எண்ணினேன். அதில்தான் வந்தது வினை.

எங்கள் தேயிலைத் தோட்டம் பன்வில பக்கம். சரிவில் ஒரு லயம், வரிசையாகப் பத்துக் காம்பரா, வீட்டுக்கு ஒரு அறை. எங்கள் காம்பராவும் பெரியப்பா காம்பராவும் அடுத்தடுத்து. அது மாவும் அரிசியும் கிடைக்காத காலம். வாரத்தில் மூன்று நாள்தான் பேர் போட்டு வேலை கொடுத்தார்கள். மற்ற நாளில் மலையைத் தின்றோம் என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா ஓடைக்கரையில் வல்லாரை பறிப்பாள். அக்காவும் நானும் சேம்பந்தண்டு ஒடிப்போம். அண்ணன் காட்டு வள்ளி தோண்டுவான். அதை நறுக்கிக் கூடையில் கட்டி, ஓடுகிற தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். அவசரப்பட்டு அவித்தால் வாந்திதான். நாங்கள் ஒருமுறை அவசரப்பட்டோம். பலாக்கொட்டை கிடைத்த நாள் நல்ல நாள். அப்பா கட்டுகஸ்தோட்டைக்குப் போய் வரிசையில் நின்று ஒரு றாத்தல் பாண் ரொட்டியோடு வருவார். சில நாள் வெறும் பையோடு வருவார். அந்த நாளில் யாரும் பையைப் பார்க்க மாட்டோம்.

எனக்குக் கீழே ஒன்று பிறந்து தங்கவில்லை. அதற்குப் பிறகு அம்மா அதிகம் பேசுவதில்லை.

நாங்கள் நம்பியிருந்தது மரவள்ளியை. லயத்துக்குப் பின்னால், தேயிலை பிடிக்காத பள்ளத்தில், அப்பாவும் பெரியப்பாவும் ஆளுக்கொரு துண்டு கொத்தி நட்டிருந்தார்கள். ஓரத்தில் பூசணி, அவரை. இரண்டு துண்டுக்கும் நடுவே ஒரு வரிசை மரவள்ளி. அது யாருடையது என்பதில் இரண்டு பேருக்கும் மனத்தாங்கல். ஒரு நாள் பெரியப்பா அதில் இரண்டு மூடு கிழங்கு பிடுங்கினார். அப்பா பார்த்துவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு மாதம். சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லி அனுப்புவார்கள்.

அந்த நேரத்தில் பன்றி வந்தது. இரண்டு துண்டையும் ஒரே மூச்சில் உழுதுவிட்டுப் போனது. நடு வரிசையையும் விடவில்லை. சண்டை போட ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

அப்பாவிடம் கம்பி இருந்தது. சுருக்குப் போடத் தெரிந்தவர் பெரியப்பா. பன்றி நுழைந்த வேலி ஓட்டையில் இரண்டு பேரும் குந்தினார்கள். கையை நீட்டினால் எட்டுகிற தூரம். நான் நடுவில்.

"கம்பியக் கொஞ்சம் தளத்தச் சொல்லு ஒங்கப்பன."

"தளத்தியாச்சுன்னு சொல்லு."

"இதுக்குப் பேரு தளத்துறதான்னு கேளு."

நான் இரண்டு பக்கமும் சொன்னேன். கொழுந்துக் கூடையோடு போன பெரியம்மா நின்று பார்த்தாள். "தொரைக்கும் ஆளுகளுக்கும் நடுவுல கணக்கப்புள்ள நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். அன்றிலிருந்து என் பேர் கணக்கப்பிள்ளை.

பேருக்கு ஏற்ற ஆள்தான் நான். பள்ளிக்கூடத்துக்கு மூன்றாம் வகுப்பு வரைதான் போனேன். எழுத்து பெரிதாக ஏறவில்லை. கூட்டல் ஏறியது. கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணுவேன். பெரியப்பாவுக்கு எதை எண்ணவும் விரல் வேண்டும். அதில் எனக்கு ஒரு இளக்காரம்.

மூன்றாம் நாள் ஞாயிறு. நன்றாக விடிந்த பிறகு நாய் குரைத்தது. ஓடினோம். பன்றி மாட்டியிருந்தது. அப்பா கோடரிப் பிடியால் ஒன்று வைத்தார், பெரியப்பா ஒன்று வைத்தார். அடங்கியது. கிராமத்து ஐயா அந்த நேரத்தில்தான் ஏறி வந்தார். அவர் இடுப்பில் நல்ல மன்னாக்கத்தி இருந்தது. கேட்காமலே எடுத்துக் கொடுத்தார்.

வேட்டைக்கு எங்கள் லயத்தில் முறை உண்டு. வெட்டுகிற இடத்தில் நிற்கிற எல்லோருக்கும் பங்கு. பெரியவர் சின்னவர் இல்லை, கிராமத்து ஆள் தோட்டத்து ஆள் இல்லை. மோப்பம் பிடித்த நாய்க்கும் ஒரு பங்கு. அது நாய் வீட்டுச் சட்டிக்குப் போகும். இலையில் விழுந்த கறியை, பங்கு எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. தொட்டுவிட்டால் மறுபடி பிரிக்கவும் கூடாது. பங்கு போட்டவர், மற்ற எல்லோரும் எடுத்த பிறகு, மிஞ்சுவதை எடுக்க வேண்டும். அதனால் பங்கு போடுகிற கை ஏமாற்றாது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாத முறை ஒன்று பாக்கி இருந்தது.

பெரியப்பா பங்கு போட்டார். இலை போடுவது என் வேலை. வாழையிலையைக் கிழித்துப் பாறையில் வரிசையாக ஒன்பது போட்டேன்.

"இன்னொன்னு போடு" என்றார்.

"ஒம்பது பேருதான் பெரியப்பா. நாயையும் சேத்துட்டேன்."

"பத்து போடு."

நான் விடவில்லை. ஒவ்வொருவராகக் கை காட்டி எண்ணிச் சொன்னேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஓடையைப் பார்த்தாள். கிராமத்து ஐயா வெற்றிலை மென்றபடி லேசாகச் சிரித்தார். எங்கள் பாஷை தெரியாதவருக்கு விளங்கியது. எனக்கு விளங்கவில்லை.

"பெரிய கணக்கப்புள்ள. சொன்னதச் செய்டி" என்றாள் பெரியம்மா.

பத்தாவது இலையைப் போட்டேன். பெரியப்பா கறியைப் பத்தாகப் போட்டார். ஈரலில் பாதியை அந்தப் பத்தாவது இலையில் வைத்தார். பிறகு ஆண்கள் கத்தி கழுவ ஓடைக்கு இறங்கினார்கள். பெரியம்மாவும் பிள்ளைகளும் குடலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மா கரையில் கூடை அலசிக்கொண்டிருந்தாள். பாறையில் நானும் நாயும்.

என் கணக்கு இது. எங்கள் வீடு நான்கு. பெரியப்பா வீடு மூன்று, நாயோடு நான்கு. ஐயாவுக்கு ஒன்று. சரியாக இருக்கிறது. பத்தாவது எங்கே போகும்? நடு வரிசையில் இரண்டு மூடு பிடுங்கியவர் வேறு எங்கே கொண்டுபோவார்? அப்பா வாய் திறக்க மாட்டார். அம்மாவும் மாட்டாள். வயிறு காய்ந்து கிடந்தது எனக்கு.

பத்தாவது இலையில் இருந்ததை எடுத்து மற்ற ஒன்பதிலும் துண்டு துண்டாக வைத்தேன். நேர்மையாகத்தான் வைத்தேன். ஐயா இலைக்கும் வைத்தேன், நாய் இலைக்கும் வைத்தேன். பெரியப்பா இலைக்கும் வைத்தேன். வெறும் இலையை ஓடையில் விட்டேன்.

இலை அம்மா காலடியில் மிதந்து போனது. அம்மா அதைப் பார்த்தாள். பிறகு பாறையைப் பார்த்தாள். ஈரக் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பசி என்று நினைத்தேன்.

பெரியப்பா ஏறி வந்தார். விரலை மடக்கி எண்ணினார். ஒன்பதில் நின்றது. என்னைப் பார்த்தார். அடி விழும் என்று தோளைக் குறுக்கினேன். விழவில்லை. அப்பா கையை ஓங்கினார். பெரியப்பா அந்தக் கையைப் பிடித்தார்.

"விடுடா. புள்ள எண்ணுனது சரிதான்."

இரண்டு மாதத்துக்குப் பிறகு பெரியப்பா அப்பாவிடம் நேராகச் சொன்னது அது. நடுவில் நான் தேவைப்படவில்லை.

எல்லோரும் அவரவர் பங்கை எடுத்தார்கள். ஐயா தன்னுடையதை இலையோடு சுருட்டிக்கொண்டு இறங்கினார். அண்ணன் நாய்ப் பங்கை எடுத்தான். கடைசியில் ஒரு இலை மிஞ்சியது. அது பங்கு போட்டவருடையது. பெரியப்பா அதைத் தூக்கி அம்மாவின் கூடையில் வைத்தார். அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். நாய் அவர் பின்னால் போனது.

எனக்குச் சந்தோஷம். திருடியவர் வெட்கப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று அக்காவிடம் சொன்னேன். அப்பாவும் பெரியப்பாவும் அன்று சாயங்காலம் ஒன்றாக உட்கார்ந்து வேலி கட்டினார்கள். அதுவும் என்னால்தான் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் தலை நிமிர்த்தி நடந்தேன்.

கறியை உப்புப் போட்டு அடுப்புக்கு மேலே தொங்கவிட்டோம். ஒரு மாதம் வந்தது. எங்களுக்கு வாரத்தில் இரண்டு தரம். அம்மாவுக்கு மட்டும் தினமும் ஒரு துண்டு. அப்பாவே அறுத்துக் கொடுப்பார். ஏன் என்று கேட்டேன். அப்பா கத்தியைத் துடைத்து வைத்தார். பக்கத்துக் காம்பரா வாசலில் பெரியப்பா மரவள்ளியை உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கறி பிடிக்காது போல என்று நினைத்தேன்.

ஆடியில் தம்பி பிறந்தான். அவனையும் அந்த இலையையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

சேர்த்துப் பார்க்கப் பல வருஷம் ஆனது. எனக்குக் கல்யாணமாகித் தெல்தோட்டைப் பக்கம் போனேன். முதல் பிள்ளை வயிற்றில் நின்ற இரண்டாம் மாதம் லயத்துக்கு வந்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் ஒரு முள்ளம்பன்றி பிடித்து வந்தான். பெரியப்பா அப்போது உயிரோடு இல்லை. பெரியம்மாதான் பங்கு போட்டாள். என் முன்னால் இரண்டு இலை.

"ஒன்னு கூட இருக்கு பெரியம்மா."

"எண்ணு. நல்லா எண்ணு, கணக்கப்புள்ள."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வயிற்றையும் பார்க்கவில்லை. அடுத்த இலைக்குப் போய்விட்டாள். வயிற்றில் இருப்பதற்கும் பங்கு உண்டு. யாருக்கு என்று வாய்விட்டுச் சொன்னால் தங்காது என்பார்கள். அதனால் இலையை மட்டும் போடுவார்கள். அதுதான் நான் தெரிந்துகொள்ளாத முறை.

கறியை எடுத்துக்கொண்டு எங்கள் காம்பராவுக்குள் போய் உட்கார்ந்தேன். பழைய கணக்கைத் திரும்பப் போட்டேன். எங்கள் வீட்டுக்கு ஐந்து. பெரியப்பா வீட்டுக்கு மூன்று, அதில் ஒன்று நாயுடையது. நான் இலையை எடுக்காமல் இருந்திருந்தால் அவர் வீட்டுக்கு நான்கு இருந்திருக்கும். எங்களுக்கு அப்போதும் ஐந்துதான்.

பெரியப்பா இருக்கும்போதே இதைப் போட்டுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அம்மாவிடம் ஒரு தரம் கேட்டேன், அன்றைக்கு ஏன் என்னைத் திட்டவில்லை என்று. "திட்டுனா எதுக்குன்னு சொல்லணும்ல" என்றாள். அதோடு எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

தம்பி இப்போது கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஆட்டோ ஓட்டுகிறான். அவனுக்குப் பேரப்பிள்ளை வந்துவிட்டது. பன்றிக் கதையை அவனிடம் சொல்லியிருக்கிறேன். சிரிப்பான்.

அந்த வருஷம் எங்கள் லயத்தில் பிறந்த பிள்ளைகள் நான்கு. தங்கியது ஒன்று.