அக்கா விட்ட ஓர் எழுத்து

ரப்பர் ஹோஸ் ஒரு மனிதனின் முதுகில் விழும் சத்தத்தை அன்று காலைதான் முதன்முதலாகக் கேட்டேன். திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றின் கணினி அறை. நான் அக்கா என்று கூப்பிடும் மூத்த ஊழியர் அங்கே புரோகிராம் எழுதுவார். பக்கத்து மேஜையில் எனக்கு டேட்டா என்ட்ரி. ஜன்னல் வழியே பார்த்தோம். நாலாம் மெஷின் ஓட்டும் பீகார்க்காரரை மேனேஜர் கீழே தள்ளி அடித்துக்கொண்டிருந்தார். வெளிர்நீலமாக வரவேண்டிய துணி கருநீலமாகக் குவிந்து கிடந்தது. “கண்ணு அவிஞ்சு போச்சாடா?” கேள்விக்கு ஓர் அடி. தலையைக் கைகளால் மூடிக்கொண்டு அவர் இந்தியில் கெஞ்சினார்.

அக்கா திரைக்குத் திரும்பினார். எந்த மெஷினுக்கு எவ்வளவு சாயம் என்பதை அவர் ஓர் அர்ரேயில், அதாவது மெஷின் எண்ணோடு அளவு சேர்ந்த பட்டியலில், வைத்திருந்தார். குறைந்த அளவு முதலில் வரட்டும் என்று முந்தின நாள் பி.எச்.பி. என்ற கணினி மொழியின் ‘ஸார்ட்’ கட்டளையைச் சேர்த்திருந்தார். அது அளவுகளை ஒழுங்காக அடுக்கும். ஆனால் எந்த அளவு எந்த மெஷினுடையது என்ற பிணைப்பை அறுத்துவிட்டு, புதிதாக எண் போட்டுவிடும். பிணைப்பு அறாமல் அடுக்க, முன்னால் ஓர் ‘ஏ’ சேர்த்து ‘ஏஸார்ட்’ என்று எழுதியிருக்க வேண்டும். மிகக் குறைந்த சாயம் போகவேண்டிய நாலாம் மெஷினுக்கு மிக அதிகமான அளவைத் திரை காட்டியிருந்தது.

“ஐயோ கண்ணு, என்ற தப்பு இது” என்றபடி அக்கா ஓடினார்.

“நிறுத்துங்க சார்! அவரு மேல தப்பில்லீங்க. நான் எழுதுனதுலதான் தப்பு. கம்ப்யூட்டர் சொன்னதத்தானுங்க அவரு போட்டாரு.”

“உள்ள போ!” மேனேஜர் நிறுத்தவில்லை. அக்கா குறுக்கே கை நீட்டினார். ஹோஸின் இரும்பு முனை மணிக்கட்டில் விழுந்து எலும்பு முறிந்தது.

அதுவரை எதிர்க்காமல் அடி வாங்கியவர் எழுந்தார். அதே ஹோஸைப் பிடுங்கி மேனேஜரின் கழுத்தில் சுற்றி இறுக்கினார். மேனேஜரின் கண்கள் பிதுங்கின. சுற்றி நின்றவர்களில் ஒருவரும் விலக்கப் போகவில்லை. “விட்ருங்க! உங்களத்தான் உள்ள புடிச்சுப் போடுவாங்க!” என்று அக்கா அலறினார். அந்த அலறலில் பீகார்க்காரர் கையைத் தளர்த்தினார். ரத்தம் சொட்டச் சொட்ட கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். அக்கா இடது கையால் அந்த ஓர் எழுத்தைத் தட்டிச் சேர்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். இருவருமே திரும்பி வரவில்லை.

சென்ற மாதம் வேலம்பாளையம் பஸ் நிறுத்தத்தில் அந்த பீகார்க்காரரைப் பார்த்தேன். இப்போது தமிழ் சரளமாக வருகிறது. “அன்னிக்கு எனக்குத் தமிழ் தெரியாதுங்க. அந்த மேடம் என்ன சொன்னாங்க?” என்று கேட்டார்.

“உங்க மேல தப்பில்லைன்னு சொன்னாங்க.”

அவர் முகத்தைத் திருப்பி மறுபக்கக் காதைக் காட்டினார். “அந்தப் பக்கத்துக் காது அன்னிக்கு அடியிலயே போயிருச்சுங்க. இதுல சொல்லுங்க.”