பிரேக்கில் குறை இல்லை

ராமராஜன் செருப்புப் போட்டுக்கொண்டு கார் ஓட்டியதே கிடையாது. ஏறும்போதே இரண்டையும் கழற்றிப் பின்சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவார். பெரிய காஞ்சிபுரம் டாக்ஸி ஸ்டாண்டில் யாராவது கேலி செய்தால், "செருப்பு போட்டு ஓட்றவன் செருப்பத்தான்பா ஓட்றான், வண்டிய ஓட்டல," என்பார். வெறுங்காலுக்குத்தான் பிரேக்கின் மனசு தெரியும் என்பது அவர் கட்சி. அவருடைய அப்பா திருப்புட்குழியில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக ஸ்டியரிங் பிடித்தது இவர்தான். இருபத்தாறு வருடத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட ஏற்றியதில்லை என்று சொல்லிக்கொள்வதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஊரும் அதை ஒத்துக்கொண்டிருந்தது.

அன்று காலை, கல்யாணப் பட்டெடுக்க வந்த குடும்பம் ஒன்றை ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பாளையத்துக்குள் போனார். ஒரு தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். பட்டு இழைகளைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் தெருவில் இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு உலர்த்துவது அங்கே வாடிக்கை. உள்ளூர் டிரைவர்கள் பாவைப் பார்த்தாலே நிறுத்திவிடுவார்கள். ராமராஜனும் நிறுத்தத்தான் காலை அழுத்தினார். கார் நிற்கவில்லை. மறுபடி உயிரைக் கொடுத்து மிதித்தார். டயர்கள் அலறிக்கொண்டு தேய, பாவுக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது.

அந்த ஒரு சாண் தூரத்தில் லோகாம்பாள் என்ற நெசவுக்காரப் பெண் நின்றிருந்தாள். அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தவள் ஓடவும் இல்லை, கையிலிருந்ததை விடவும் இல்லை.

"கொஞ்சம் நவுந்திருக்கக் கூடாதாம்மா?" என்றார் ராமராஜன்.

"இழைய உட்டா மொத்தமும் சிக்கிக்கும். நீங்க நிறுத்திடுவீங்கன்னுதானே நின்னுக்கினு இருந்தேன்."

அவள் நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

வந்த குடும்பம் இறங்கி ஆட்டோ பிடித்துப் போய்விட்டது. ராமராஜன் முதல் கியரிலேயே ஊர்ந்து வேலாயுதத்தின் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேர்ந்தார். எட்டு வருடமாக அந்தக் காருக்கு வைத்தியம் பார்ப்பவன் வேலாயுதம்.

"பிரேக் புடிக்கலபா. பாவாண்ட நின்னுக்கினு இருந்த பொம்பள மேல போயிருக்கும். நல்லா பாரு."

வேலாயுதம் ஜாக்கி போட்டு ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றினான். டயரைச் சுற்றி விரலால் தடவினான். "சடன் பிரேக்குல ஒரு எடத்துல லேசா தேஞ்சிருக்குது, அவ்ளோதான். ரோட்ட புடிக்கிற பட்டன்லாம் நல்லா இருக்குது. உப்பலும் இல்ல, வெட்டும் இல்ல." பிரேக் பேடுகள் தடிமனாக இருந்தன. டிஸ்க்கில் ஒரு கீறல் இல்லை. பிரேக் ஆயில் கோடு வரைக்கும் நின்றது, எங்கேயும் கசியவில்லை.

ஒவ்வொன்றும் நன்றாக இருக்கிறது என்று கேட்கக் கேட்க ராமராஜன் இன்னும் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். தன் வண்டியில் கோளாறு இருக்கவேண்டும் என்று எந்த டிரைவராவது சாமியை வேண்டியிருப்பானா? அவர் வேண்டினார். பிரேக்கில் குறை என்றால் மாற்றிவிடலாம். பிரேக்கில் இல்லையென்றால் வேறு எதில் என்று யோசிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"இன்னொரு தபா பாருபா."

கடைசிச் சக்கரத்தை மாட்டிவிட்டு, ஜாக்கியை இறக்காமல் வேலாயுதம் நிமிர்ந்தான். "ஒண்ணே ஒண்ணு பாத்துடலாம். ஏறி உக்காருண்ணா. நான் சக்கரத்த சுத்தி உடறேன். சொன்னதும் பிரேக்க அழுத்து."

சுற்றிவிட்டான். "அழுத்துண்ணா."

"அழுத்திட்டேன்."

சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"நல்லா அழுத்து."

"இதுக்கு மேல அழுத்துனா பெடலு ஒடஞ்சிடும்பா." ராமராஜனுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. "பாத்தியா, புடிக்கல பாத்தியா? எல்லாம் சரியா இருக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தியே."

வேலாயுதம் எழுந்து வந்து, திறந்த கதவுக்குள் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. என்னவென்று ராமராஜனும் குனிந்தார்.

பெடல் சும்மா இருந்தது. அதற்குப் பக்கத்தில், ரப்பர் மேட்டை அவருடைய வலது பாதம் விரல்கள் வெளுக்க அழுத்திக்கொண்டிருந்தது.

வேலாயுதம் அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பெடல்மேல் வைத்தான். "எப்பலேர்ந்துண்ணா?"

சர்க்கரை வந்து ஏழு வருடம். பாதம் பஞ்சுமேல் வைத்தாற்போல ஆகி ஒரு வருடம் இருக்கும். மனைவி கலையரசியிடம்கூட அவர் சொல்லவில்லை. சொன்னால் சாவியைப் பிடுங்கிவிடுவாள் என்று பயம். சாவி போய்விட்டால் அப்புறம் ராமராஜன் என்று யாரைச் சொல்வது என்பது அதைவிடப் பெரிய பயம். கால், கால் என்று ஸ்டாண்டு முழுக்கப் பெருமை பேசிவிட்டு, அந்தக் கால் செத்துக் கிடக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

"பிரேக்குலதான் கோளாறுன்னு வச்சிக்கலாமேபா," என்றார். சொன்னபோது அவருக்கே அழுகை வந்தது.

"நின்னுக்கினு இருந்துச்சே அந்தம்மா, அத நெனச்சிப் பாருண்ணா," என்று கையை நீட்டினான் வேலாயுதம். "சாவியக் குடு. நான் ஓட்டிக்கினு வந்து வூட்ல உடறேன்."

ராமராஜன் தன்னுடைய காரில் முதல் தடவையாக இடதுபக்கம் உட்கார்ந்தார். தெருமுனையில் ஆட்டோ ஒன்று குறுக்கே பாய்ந்தது. வேலாயுதம் பிரேக்கை மிதித்தான். கார் சொன்ன இடத்தில் நின்றது. இருபத்தாறு வருடப் பழக்கத்தில் ராமராஜனின் காலும் கூடவே அழுத்தியிருக்கவேண்டும். அழுத்தியதா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவர் குனிந்து பார்க்கவேண்டியிருந்தது.