குறை சொல்லாத ஊர்

அயர்லாந்து நாடாளுமன்றத்தில் எந்த உறுப்பினர் எந்த இருக்கையில் உட்காருவார், யார் பேச எழுந்தால் யார் மெல்ல வெளியே நழுவுவார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நான் அந்த நாட்டில் கால் வைத்ததில்லை. பர் துபாயில் ஒரு பெட்ரூம் ஃபிளாட்டில், கீழே மீனா பஜார் இரைந்துகொண்டிருக்க, சொந்த ஊர் சட்டசபையைக்கூட ஒழுங்காகக் கவனித்திராத நான் அந்தச் சபையை ஒன்றரை வருஷமாகப் பார்த்து வருகிறேன். அதனால் என்ன பலன் என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஒருவரும் கேட்பதில்லை, மகளைத் தவிர.

என் மனைவி நர்ஸ். நான் கட்டடங்களில் ஏசி பராமரிப்பு பார்க்கிறவன். இருவருக்கும் திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடற்கரை. அவள் வேலை பார்த்த துபாய் ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் ஒவ்வொருவராக அயர்லாந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவளும் பரீட்சை எழுதினாள், இன்டர்வியூவில் தேறினாள். இரண்டு சின்ன ஊர்களின் ஆஸ்பத்திரிகளில் இருந்து கடிதம் வந்தது. இரண்டும் மேற்குக் கடற்கரையில், தலைநகரத்திலிருந்து தூரத்தில் இருந்தன. ஆறு வாரத்துக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சம்மதம் சொல்ல வேண்டும்.

எங்களுக்குச் சம்பளம் பெரிய கேள்வியாக இல்லை. கல்யாணமான புதிதில் அவள் நான்கு வருஷம் ரியாத்தில் இருந்தாள், நான் துபாயில் இருந்தேன், கைக்குழந்தை தூத்துக்குடியில் அவளுடைய அக்கா வீட்டில் இருந்தது. லீவில் போனபோது ஏர்போர்ட்டில் பிள்ளை அவளைப் பார்த்துவிட்டு அக்காவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. பிறகு மூவரும் துபாயில் ஒன்று சேர்ந்த முதல் நாள், பெட்டியைக்கூடத் திறக்காமல் அவள் சொன்னாள். "இனிமே எந்த நாடா இருந்தாலும் சரி, மூணு பேரும் ஒரே வீட்டுலதான் இருக்கணும். பாத்துக்கிடுங்க."

அயர்லாந்தில் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு என்று எல்லோரும் சொன்னார்கள். முதலில் நர்ஸ் மட்டும் போக வேண்டும். ஆஸ்பத்திரி சில வாரங்களுக்கு ஓர் அறை கொடுக்கும். அதற்குப் பிறகு அவளே வாடகைக்கு ஒரு வீடு பிடித்தால்தான் நானும் மகளும் போக முடியும். ஆகவே எந்த ஊரில் வீடு சீக்கிரம் கிடைக்கும் என்பது ஒன்றுதான் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். யாரும் என்மேல் சுமத்தவில்லை, நானாகத்தான் எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன்.

மற்றவர்களாக இருந்தால் ஏற்கெனவே போன நாலு பேரிடம் விசாரித்திருப்பார்கள். எனக்கு ஆள் பேச்சில் நம்பிக்கை கிடையாது. இணையத்தில் தேடிக்கொண்டே போனதில் அவர்களுடைய நாடாளுமன்ற நேரலை அகப்பட்டது. அங்கே மத்தியானம் என்றால் இங்கே சாயங்காலம், டியூட்டி முடிந்து வந்து டீயோடு உட்காரச் சரியாக இருந்தது. சபையில் எழுந்து நின்று ஒருவர் பேசினால் அது பதிவாகிறது, பொய் சொல்ல முடியாது என்பது என் கணக்கு.

முதல் ஊரின் உறுப்பினர் ஒரு தடித்த மனிதர். வாரம் தவறாமல் எழுந்துவிடுவார். எங்கள் ஊரில் வாடகைக்கு ஒரு வீடுகூட இல்லை என்பார். ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வருகிறாள், தங்க இடமில்லாமல் திரும்பிப் போகிறாள் என்பார். கடைசி பஸ் ஆறு மணிக்கே போய்விடுகிறது, ரயில் பாதை புல் முளைத்துக் கிடக்கிறது, வளர்ச்சி எல்லாம் தலைநகரத்துக்கே போனால் மேற்கே இருக்கிற நாங்கள் மனிதர்கள் இல்லையா என்று மேசையைத் தட்டுவார். சபாநாயகர் நேரம் முடிந்தது என்பார், இவர் இன்னும் ஒரே ஒரு விஷயம் என்று ஐந்து விஷயம் சொல்லுவார்.

பதில் சொல்ல ஓர் இணையமைச்சர் எழுவார். கேட்ட கேள்விக்கு உரிய அமைச்சர் ஒருநாளும் வந்து நான் பார்த்ததில்லை. வந்தவர் கையில் இருக்கிற தாளைக் குனிந்தபடியே வாசிப்பார். பிராந்தியங்களின் சமச்சீர் வளர்ச்சியில் அரசு உறுதியாக இருக்கிறது, ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது, ஆய்வின் அறிக்கை பரிசீலிக்கப்படும், உறுப்பினரின் கவலையை அமைச்சரின் கவனத்துக்குக் கொண்டுசெல்வேன். இவ்வளவுதான். துபாயில் பாலம் வருகிறது என்று போர்டு வைத்தால், லீவு போய்த் திரும்புவதற்குள் அதன்மேல் வண்டி ஓடுகிறது. அதைப் பார்த்துப் பழகிய எனக்கு அந்தத் தாளைப் பிடுங்கிக் கிழிக்க வேண்டும் போல் இருக்கும்.

இரண்டாவது ஊரின் உறுப்பினர் மெலிந்தவர், மரியாதையானவர். அந்த ஆறு வாரத்தில் இரண்டே முறை பேசினார். இரண்டு முறையும் அமைச்சருக்கு நன்றி சொன்னார், எங்கள் பகுதி நல்ல முன்னேற்றம் காண்கிறது என்றார், உட்கார்ந்துவிட்டார்.

என் வேலையில் கம்ப்ளைண்ட் ரிஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. எந்தக் கட்டடத்திலிருந்து எத்தனை புகார் வந்தது என்று அதில் இருக்கும். பக்கம் பக்கமாகப் புகார் இருந்தால் அது ஓட்டைக் கட்டடம், பக்கம் காலியாக இருந்தால் நல்ல கட்டடம். பதினெட்டு வருஷமாக நான் உலகத்தை அளப்பது அந்த ரிஜிஸ்டரை வைத்துத்தான். வளைகுடாவில் வெளியே வந்து யாரும் குறை சொல்லுவதில்லை. சைட்டில் இருந்து போகிற தினசரி ரிப்போர்ட்டில் பிரச்சினை என்ற கட்டத்தில் எல்லோரும் இல்லை என்றே எழுதுவோம். அதையும் மீறி ஒருவன் வாயைத் திறந்தான் என்றால் தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் தடித்த மனிதர் வாராவாரம் வாயைத் திறந்தார். அப்படியானால் அந்த ஊர் எவ்வளவு நாசமாய்ப் போயிருக்க வேண்டும்.

கடைசி வாரம் நான் தீர்ப்பு சொன்னேன். மனைவி டியூட்டிக்குப் போட்டுப் போகிற வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது ஊருதான். அங்க ஒரு பிரச்சினையும் கெடையாது."

"எங்க வார்டுல இருக்க அந்த உவரிக்காரப் பிள்ளை முதல் ஊருக்குத்தான் போறாளாம்" என்றாள்.

"போயி நடுரோட்டுல நிக்கட்டும். அந்த ஊரு மெம்பரே சொல்லுதாரு வீடு இல்லன்னு. அவருக்குத் தெரியாதா?"

அவள் சட்டையைத் திருப்பிப் போட்டுக் கைப்பகுதியைத் தேய்த்தாள். "சரி. நீங்க பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவள் போய் ஒரு வருஷமும் மூன்று மாசமும் ஆகிறது. அறைக்கு இருவராக ஆறு நர்ஸ்கள் ஒரு பழைய வீட்டில் இருக்கிறார்கள். அவளுக்குக் கிடைத்த கட்டில் சமையலறையை ஒட்டினாற்போல் இருக்கும் சின்ன அறையில். ஊரில் வேறு வீடு இல்லை. இருக்கிற ஒன்றிரண்டையும் கோடைக்கு வருகிற சுற்றுலாக்காரர்களுக்குத்தான் விடுவார்களாம். தினமும் சாயங்காலம் கூப்பிடுவாள். எப்படி இருக்கு என்றால் நல்லா இருக்கு என்பாள். குளிரா என்றால் பழகிட்டு என்பாள். வீடு ஏதாவது என்று இழுத்தால் பாத்துக்கிட்டிருக்கேன், கெடச்சிரும் என்பாள். நானும் சரி என்று போனை மகளிடம் கொடுத்துவிட்டு நேரலையைப் போடுவேன்.

உவரிக்காரப் பெண்ணின் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் நாலே மாசத்தில் விமானம் ஏறினார்கள். வழியனுப்ப நான்தான் வண்டி ஓட்டிக்கொண்டு ஏர்போர்ட்டுக்குப் போனேன். அவர்களுடைய பெட்டிகளைத் தூக்கி டிராலியில் வைக்கும்போது எனக்கு வந்த எரிச்சலை வெளியே சொல்லவில்லை, அவர்கள் என்ன பாவம் செய்தார்கள். திரும்பி வந்து அந்தப் பெண்ணுக்கே போன் போட்டேன். வீடே இல்லாத ஊரில் உனக்கு எப்படி வீடு கிடைத்தது என்று கேட்டேன்.

"அண்ணே, எங்க ஊரு மெம்பரு சும்மா விடமாட்டாருல்லா. கத்திக் கத்தியே ஆஸ்பத்திரி ஸ்டாஃபுக்குன்னு ஒரு கட்டடத்தை வாங்கிக் குடுத்துட்டாரு. பஸ்ஸும் பத்து மணி வரைக்கும் ஓடுது. இங்க எல்லா ஊரு மெம்பரும் அப்படித்தான் கத்துவாங்களாம். கத்தினாத்தான் கெடைக்குமாம்."

எல்லா ஊர் மெம்பரும் கத்துகிறார்கள், என் மனைவி போன ஊரின் மெம்பரைத் தவிர. ஆறு வாரம் டீ ஆறிப்போக உட்கார்ந்து, அந்த நாட்டிலேயே வாயில்லாத ஒரே மனிதரைத் தேடிப் பிடித்து, அவருடைய ஊருக்கு அவளை அனுப்பியிருக்கிறேன். இதில் இன்னும் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஒருமுறை இங்கே துபாயில் தேராப் பக்கம் ஒரு பழைய கட்டடத்திலிருந்து எட்டு மாசம் புகாரே வரவில்லை. நல்ல கட்டடம் என்று ரிப்போர்ட்டும் எழுதிவிட்டேன். கோடையில் போய்ப் பார்த்தால் மெஷின் செத்துக் கிடக்கிறது, மாடிக்கு மாடி மேசை விசிறி சுற்றுகிறது. காவலுக்கு இருந்த வங்காளி நாத்தூர், எத்தனை தடவைதான் சொல்வது பாய், சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டோம் என்று ஹிந்தியில் சொன்னான். அன்றைக்கு எனக்கு மேலே இருந்தவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனாலும் புத்தி வரவில்லை.

பிறகு நான் அந்த மெலிந்த மனிதருக்கு மின்னஞ்சல் எழுத ஆரம்பித்தேன். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற நர்ஸின் கணவன் நான், நர்ஸ்களுக்கு வீடில்லை என்பதைத் தயவுசெய்து சபையில் எழுப்புங்கள் என்று மகளை இங்கிலீஷ் திருத்தச் சொல்லி ஐந்து கடிதம் போட்டேன். ஐந்துக்கும் உங்கள் கவலை குறித்துக்கொள்ளப்பட்டது என்று ஒரே பதில் வந்தது.

போன மாசம் ஒரு புதன்கிழமை, பிராந்திய வளர்ச்சி பற்றிய விவாதம். பேசுகிறவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. நான் அரை நாள் லீவு போட்டேன். மகளையும் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவளுக்குப் பதினான்கு வயது, அவளுடைய சாயங்காலங்களை நான் எப்படிப் பாழாக்கியிருக்கிறேன் என்பது அவள் முகத்தில் எழுதியிருந்தது. தடித்தவர் பேசினார். வடக்குப் பகுதி உறுப்பினரான ஓர் அம்மையார் பேசினார், கண்ணீர் விடாத குறைதான். கடைசியில் இவர் எழுந்தார். தங்கள் ஐரிஷ் மொழியில் ஒரு வரி வணக்கம் சொன்னார். போட்டியில் ஜெயித்த ஊர்ப் பிள்ளைகளின் விளையாட்டுக் குழுவுக்கு வாழ்த்து சொன்னார். துறைமுகத்துச் சுவருக்கு வர்ணம் அடித்துக் கொடுத்த அமைச்சருக்கு நன்றி சொன்னார். எங்கள் பகுதி மக்கள் பொறுமைசாலிகள் என்றார். நேரம் மீதம் இருக்கும்போதே உட்கார்ந்துவிட்டார்.

நான் ஸ்கிரீனைப் பார்த்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத முடியாது.

"அப்பா, அவருக்குக் கேக்காது" என்றாள் மகள்.

"வாயைத் தொறந்து ஒரு கஷ்டத்தைச் சொன்னா என்ன கொறைஞ்சா போயிரும் இந்த ஆளுக்கு? எல்லாம் நல்லா இருக்காம்."

"அம்மாவும் அதேதான் சொல்றாங்க. உங்ககிட்ட மட்டும்." அவள் போனைப் பார்த்தபடியே சொன்னாள். "என்கிட்ட டெய்லி அழுறாங்க. பாத்ரூம்ல உக்காந்துதான் பேசுவாங்க, வேற ரூம் இல்ல. யூ நெவர் ஆஸ்க் ஹர் எனிதிங், அப்பா. நல்லா இருக்கான்னுதான் கேப்பீங்க."

எனக்கு முதலில் மகள்மேல்தான் கோபம் வந்தது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். அப்புறம் அது யாரைக் கேட்க வேண்டிய கேள்வி என்று உறைத்தது.

அன்றைக்கு மனைவிக்கு டியூட்டி ஆஃப். நேரலையை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டேன். எடுத்ததும், நல்லா இருக்கேன், சாப்டீங்களா என்றாள்.

"ஏட்டி, இன்னைக்கு நல்லதா ஒண்ணும் சொல்லாத" என்றேன். "கொறை மட்டும் சொல்லு."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது. பிறகு கதவைச் சாத்துகிற சத்தம்.

முதலில் மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். சுவரில் ஈரம், துணி மூன்று நாளானாலும் காய்வதில்லை. நைட் டியூட்டி முடிந்தால் பஸ் கிடையாது, மழையில் நாற்பது நிமிஷம் நடை. சர்ச்சில் பூசைக்குப் போனால் பக்கத்தில் உட்காருகிறவர்கள் சிரிக்கிறார்கள், பேசுவதில்லை. சமையலறையில் யாராவது இருந்தால் தூங்க முடியாது, எப்போதும் யாராவது இருக்கிறார்கள். பிள்ளையின் குரல் மாறிக்கொண்டு வருகிறது, அது போனில்தான் தெரிகிறது. முக்கால் மணி நேரம் பேசினாள். நான் நடுவில் ஒரு வார்த்தை சொல்லவில்லை, வீடு கிடைத்துவிடும் என்றுகூடச் சொல்லவில்லை.

முடிந்துவிட்டது என்று நினைத்தபோது, "இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள்.

"சொல்லு."

"எனக்கு அன்னைக்கே அந்த முதல் ஊருக்குப் போகணும்னுதான் இருந்துச்சு. அந்த உவரிக்காரப் பிள்ளை கூட இருந்தா ஒருத்திக்கு ஒருத்தி தொணையா இருக்கும்லான்னு நெனச்சேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க ஆறு வாரம் ராப்பகலா உக்காந்து பாத்தீங்க. உங்க முகத்தைப் பாத்துட்டு எப்படிச் சொல்ல?"