நூற்றிருபது பாகை காட்டிய பெட்டி

"கோழியே இருபத்தொரு நாள் கிடக்கேலாமல் இடையில எழும்பி ஓடுது. உன்ர மீன்பெட்டி கிடந்து குஞ்சு பொரிக்கப்போகுதோ?"

பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இப்படிக் கேட்டபோது நான் எங்கள் முற்றத்தில் ஒரு ரெஜிபோம் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். முல்லைத்தீவிலிருந்து ஐஸ் போட்டு மீன் வரும் வெள்ளைப் பெட்டி. மூன்று தரம் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் மீன் மணம் போகவில்லை.

"நாறுது பிள்ளை. குஞ்சு வந்தாலும் நீந்திக்கொண்டுதான் வரும்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்ரியின் பகிடிக்குச் சிரிக்காமல் இருப்பது கஷ்டம். நான்காவது தரமும் சவர்க்காரம் போட்டேன்.

உருத்திரபுரத்தில் வாய்க்காலை ஒட்டியது எங்கள் வீடு. அம்மாவின் பெற்றோரும் அப்பாவின் பெற்றோரும் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். அம்மாவும் அப்பாவும் ஒரு நாளாவது வகுப்பில் இருந்ததில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். உயர்தரம் முடித்து, தொழில்நுட்பக் கல்லூரியில் இலத்திரனியல் படித்து, இப்போது கிளிநொச்சியில் ஒரு கடையில் போன் திருத்துகிறேன். வீட்டுக்குள் மலைநாட்டுப் பேச்சு, வேலிக்கு வெளியே வன்னிப் பேச்சு. இரண்டும் எனக்குச் சரளம்.

கடை வேலை முடிந்து வந்தால் என் சொந்த வேலை தொடங்கும். கிணற்று மோட்டாரைப் போனிலிருந்தே நிறுத்தும்படி செய்தேன். கோவில் வளைவுக்கு ஓடும் விளக்குச் செய்து கொடுத்தேன். வயலில் மயில்களை விரட்ட ஓர் ஒலிபெருக்கி வைத்தேன். இரண்டு நாள் பயந்த மயில்கள் மூன்றாம் நாள் அதற்குப் பக்கத்திலேயே நின்று மேய்ந்தன. எல்லாம் சரிவருவதில்லை. ஆனால் எங்கே பிழைத்தது என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் அடுத்ததைத் தொடங்குவேன்.

குஞ்சு பொரிக்கும் பெட்டியை அம்மாவுக்காகத் தொடங்கினேன். அம்மாவின் கோழிகளில் நன்றாக முட்டையிடும் இரண்டும் அடைகிடக்காதவை. அடைகிடக்கும் கிழட்டுக் கோழிக்குப் பத்து முட்டைக்கு மேல் அணைக்க முடியாது. மிச்ச முட்டைகளை வைத்துக்கொண்டு அம்மா ஒவ்வொரு தடவையும், "இத்தனையும் குஞ்சாயிருந்தா..." என்று சொல்வார். அந்த வசனத்தை முடிக்கவே மாட்டார்.

பெட்டிக்குள் ஒரு மின்குமிழ், பழைய கணினியிலிருந்து கழற்றிய காற்றாடி, ஈரத்துக்கு ஒரு தட்டில் தண்ணீர், சூட்டை அளக்கும் ஒரு சின்ன உணரி. மூடியில் சூட்டைக் காட்டும் இலக்கத் திரை. முப்பத்தேழரைப் பாகைக்குக் குறைந்தால் குமிழ் எரியும், கூடினால் அணையும். அதற்கான நிரலை நானே எழுதினேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, இலக்கம் தெரியும். போன் நம்பரும் பஸ் நம்பரும் பார்த்துப் பழகியது. அதனால் திரையில் இலக்கம் மட்டும்தான் வைத்தேன்.

முட்டை பதின்மூன்று. ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பக்கம் வட்டம், மறுபக்கம் பெருக்கல் குறிபோல் ஒரு புள்ளடி. காலையில் வட்டம் மேலே இருந்தால் மத்தியானம் புள்ளடி மேலே வரவேண்டும். நான் கடையில் இருக்கும் நேரத்தில் அம்மா திருப்புவார். ஒரு நாள் கூடத் தவறவில்லை.

ஏழாம் நாள் மத்தியானம் நானும் அம்மாவும் கட்டிலில் போர்வையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தோம். வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே இருவருக்கும் வேர்த்து ஊற்றியது. போன் வெளிச்சத்தை முட்டையின் அடியில் பிடித்தேன். ஓட்டுக்குள் சிவப்பு நரம்புகள் தெரிந்தன. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி அசைந்தது.

"யாத்தே, ஓடுது!" என்றார் அம்மா. "கோழிக்குக் கூட இது தெரியாதே புள்ள."

பதினொரு முட்டையில் உயிர் இருந்தது. அம்மா வேலியடிக்குப் போய் அன்ரியிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் வந்து சோறு போட்டார்.

பன்னிரண்டாம் நாள் வவுனியாவில் எனக்கு இரண்டு நாள் பயிற்சி. போகும் முன் உணரியின் இரண்டு வயர்களும் கழன்றிருந்தன. அவசரத்தில் ஈயம் வைத்து ஒட்டி, வெறும் வயரை மூடும் ரேப்பைச் சுற்றாமல் அப்படியே விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். அது ஐப்பசி. மழை வரும் முன் இடி முழங்கும் காலம். அடைவைத்த முட்டைக்கு இடி கூடாது என்று எங்கள் பக்கத்தில் கூடைக்குள் ஓர் இரும்புத் துண்டும் கரியும் போடுவார்கள். நான் போன அன்று காலையே முழக்கம் தொடங்க, அம்மா ஒரு பெரிய ஆணியை எடுத்துப் பெட்டிக்குள் முட்டைகளுக்கு நடுவே வைத்திருக்கிறார்.

அடுத்த நாள் பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தபோது பெட்டியின் மூடி திறந்து கிடந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஓலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார்.

"என்னாம்மா இது? மூடி ஏன் தொறந்து கெடக்கு?"

"சூடு ஏறிருச்சு புள்ள. நேத்துக் காலையிலேருந்து நூத்தி இருபதுன்னே நிக்குது. நீ முப்பத்தேழுதானே சொன்ன? ஆறட்டும்னு தொறந்து வச்சேன்."

"பல்ப் எரிஞ்சுச்சா?"

"இல்ல. அதுவும் நல்லதுதான்னு நெனச்சேன்."

"முட்டையத் தொட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். சில்லுன்னுதான் இருந்துச்சு."

"அப்புறம் ஏம்மா விசிறுனீங்க?"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங் கைக்கு என்னா தெரியும்? நீ படிச்சுட்டுச் செஞ்ச பெட்டி. அது பொய் சொல்லுமா?"

எனக்கு ஒரு போன் எடுத்திருக்கலாமே என்று கேட்டேன். படிக்கிற இடத்தில் போன் அடித்தால் வாத்தியார் ஏசுவார் என்று எடுக்கவில்லையாம்.

முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். கீழே அந்த ஆணி, நான் ரேப் சுற்றாமல் விட்ட இரண்டு வயர்களுக்கும் குறுக்கே பாலம் போட்டதுபோல் கிடந்தது. வயர்கள் தொடுபட்டதால் உணரி பெருஞ்சூடு என்று சொல்லியிருக்கிறது. நிரல் அதை நம்பிக் குமிழை அணைத்திருக்கிறது. ஒன்றரை நாளாக முட்டைகள் மழைக் குளிரில் கிடந்திருக்கின்றன. வெளிச்சம் பிடித்துப் பார்த்தேன். ஒன்றிலும் அசைவில்லை.

மறுநாள் காலை அன்ரி வேலியால் எட்டிப் பார்த்தார். "இடி பிள்ளை, வேற ஒண்டுமில்லை. முழங்கின முழக்கத்துக்கு எங்கட நாய் கட்டிலுக்குக் கீழ பூந்திட்டுது. முட்டை தாங்குமே?"

அம்மாவும் தலையை ஆட்டினார். "நான் இரும்பு வச்சும் கேக்கல."

இடி என்றே விட்டிருக்கலாம். எனக்கும் பெட்டிக்கும் ஒரு கெட்ட பெயரும் வராது. அம்மாவுக்கும் மனம் நோகாது. ஆனால் இடியில் பழியைப் போட்டால் அடுத்த முறையும் அம்மா தன் கையை விட்டுவிட்டு இலக்கத்தையே நம்புவார். குசினிக்குள் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஆணியையும் வயரையும் காட்டி நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப நாந்தான் கொன்னேனா?"

"இல்லம்மா. வயர மூடாம விட்டது நான். நூத்தி இருபது வந்தா முட்டை அவிஞ்சுரும், இந்தச் சின்ன பல்புக்கு அவ்வளவு சூடு வரவே வராது. வராத நம்பர் வந்தா நம்பாதேன்னு பெட்டிக்கு நான் எழுதியிருக்கணும். எழுதல. ஒங்க கை சொன்னதுதான் சரி."

அம்மா எழுந்துபோய் முட்டைகளை வாழைக்கு அடியில் புதைத்தார். அடுத்த முறை சேர்ந்த முட்டைகளைக் கிழட்டுக் கோழிக்குக் கீழே வைத்தார். மிச்சத்தைச் சமைத்தார். பெட்டியைப் பற்றி ஒரு கதையுமில்லை. ஏசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். முட்டைக்குழம்பு ஊற்றிய சோற்றுக்கு என்ன பதில் சொல்வது? அன்ரியும் ஊரும் என்ன நினைத்தாலும் பரவாயில்லை. அம்மா தன் கையால் இன்னொரு முறை அந்தப் பெட்டியில் முட்டை வைக்கவேண்டும். அது ஒன்றுதான் எனக்குத் தேவைப்பட்டது.

பெட்டியைக் கழற்றித் திரும்பச் செய்தேன். இப்போது இரண்டு உணரிகள், இரண்டு மூலையில். இரண்டும் வேறு வேறு கதை சொன்னாலோ, நடக்கவே முடியாத இலக்கம் வந்தாலோ பெட்டி கத்தும். வயர்கள் எல்லாம் மூடியாயிற்று. மூடியின் உள்பக்கத்தில் ஒரு மாத்திரைப் போத்தலைத் திருகி வைத்தேன், இரும்பும் கரியும் போட. கடை முதலாளி அதைப் படத்தில் பார்த்துவிட்டு, "ஆணிக்கும் அறை எடுத்துக் குடுத்திட்டியோ?" என்று சிரித்தார். பெட்டியைப் பாவிக்கப்போகிறவர் இரும்பு வைப்பார் என்று தெரிந்த பிறகு அதற்கு இடம் வைக்காமல் செய்வது என் தொழிலில் பிழை. இதை அவருக்கும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வெறும் பெட்டியை அம்மாவின் முன்னால் வைத்தேன்.

"இத ஏமாத்திப் பாருங்க."

"எப்படி?"

"எப்படி வேணும்னாலும்."

அம்மா பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு குடித்துக்கொண்டிருந்த சுடுதேத்தண்ணிக்குள் ஓர் உணரியை முக்கினார். பெட்டி வீல் என்று கத்தியது. முற்றத்துக் கோழிகள் பறந்தன. அப்பா, யாரோ வந்துவிட்டதாக நினைத்து வெளியே ஓடினார். அம்மா உணரியை எடுத்து, ஈரத்துணியில் சுற்றி, அக்குளுக்குள் வைத்து, என்னென்னவோ செய்து பார்த்தார். ஒவ்வொரு தரமும் அது கத்தக் கத்தச் சிரித்தார்.

"வாய் இருக்கு இதுக்கு," என்றார். முட்டை தருவதாக மட்டும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு முற்பகல். கடையில் உடைந்த திரை ஒன்றை மாற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அம்மா. நான் வேலையில் இருக்கும் நேரத்தில் அவர் எனக்குப் போன் எடுத்தது அதுதான் முதல் தடவை. கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன்.

"பயப்படாத. பக்கத்து வீட்டு அடைக்கோழியக் கீரி புடிச்சிருச்சு. அந்தம்மா பதினோரு முட்டையச் சீலையில ஏந்திக்கிட்டு வந்து நிக்குது. பதிமூணு நாள் முட்டை. நான் பெட்டியப் போட்டுட்டேன்."

"எவ்வளவு காட்டுது?"

"முப்பத்தேழு வந்துருச்சு. கையும் வச்சுப் பாத்தேன். ரெண்டும் ஒண்ணாதான் சொல்லுது. முட்டைய வச்சுட்டேன்."

பின்னால் அன்ரியின் குரல் கேட்டது. "கேளுங்கோ, மீன் மணம் முட்டைக்குள்ள போகாதோ எண்டு கேளுங்கோ!"

திரை மாற்றப் போனைக் கொடுத்துவிட்டு நின்றவர் என் முகத்தைப் பார்த்து, என்ன தங்கச்சி, வெளிநாட்டு விசா வந்துட்டுதோ என்று கேட்டார்.

எட்டாம் நாள் ஒன்பது குஞ்சுகள் வந்தன. நான் வீட்டில் இருந்தேன். ஓடு வெடிப்பதை அன்ரி கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தார். முடிவில் எழுந்து சீலையை உதறிக்கொண்டு, "பதின்மூண்டு நாள் கிடந்தது என்ர கோழி. உன்ர பெட்டி கடைசி எட்டு நாள்தானே பிள்ளை," என்றார்.

"ஓம் அன்ரி. பேர் உங்கட கோழிக்கே இருக்கட்டும்."

அன்ரி சொன்னதில் நியாயம் இருந்தது. முழு இருபத்தொரு நாளும் பெட்டி இன்னும் அடைகாத்துக் காட்டவில்லை. அதை நான் சொல்வதற்கு முன்பே அம்மா முட்டை சேர்க்கத் தொடங்கியிருந்தார். நல்ல நாள் பார்த்து, பதினைந்து முட்டையைத் தானே வைத்து, வட்டமும் புள்ளடியும் தானே போட்டார். நான் ஒன்றையும் தொடவில்லை. பன்னிரண்டு பொரித்தன. மிச்ச மூன்றையும் உடைத்து ஏன் வரவில்லை என்று இருவருமாகப் பார்த்தோம்.

அதற்குள் அன்ரியின் வாயால் கதை கண்டாவளை வரை போய்விட்டது. அங்கே அவருக்குச் சொந்தக்கார அக்கா ஒருவர், நாற்பது கோழி வளர்ப்பவர், ஒரு பெட்டி கேட்டார். அவர் பக்கத்தில் கரண்ட் அடிக்கடி போகும் என்பதால் அதற்கு ஒரு மோட்டார்சைக்கிள் பற்றரியும் பூட்டினேன். போன ஞாயிறு நானும் அம்மாவும் பஸ்ஸில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம். விளக்கம் முழுவதும் அம்மாதான். நான் வயரைச் சரிபார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். புறப்படும்போது அந்த அக்கா, ஏதும் சந்தேகம் என்றால் கேட்க நம்பர் தாங்கோ என்றார். நான் என் நம்பரைச் சொல்லத் தொடங்கினேன்.

"இவ பகல்ல வேலையில இருப்பா. எனக்கு அடிங்க," என்று அம்மா தன் நம்பரை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார்.

அந்தக் கிழமைக்குள் இன்னும் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். கடை முதலாளியிடம் இனிமேல் சனிக்கிழமைகளில் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நேற்றுத்தான் முதல் சனிக்கிழமை. அதிகாலை பஸ்ஸில் முல்லைத்தீவுக்குப் போய் நான்கு பெட்டிகள் வாங்கி வந்தேன். முற்றத்தில் அம்மா சவர்க்காரத்தோடு காத்திருந்தார்.