அக்தஸ் கானுமின் பதினோராவது குழாய்

அக்தஸ் கானும் (கானும் என்பது 'அம்மா' மாதிரி ஒரு மரியாதைச் சொல்) வேலைக்கு வரும்போது பவுடர் பூச மாட்டார், கண்மை வைக்க மாட்டார். கம்பளிச் சட்டையோடு யாராவது அவர் அறைக்குள் தலையை நீட்டினால், "அங்கயே நின்னு பேசு. உன் ஆடு என் குழாய்ல முடி கொட்டும்" என்பார்.

இஸ்பஹானுக்கு வெளியே உள்ள எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ஒரே வேலை. முழ நீளப் பீங்கான் குழாயின் மேல் பலேடியம் என்ற உலோகத்தைத் தோல்போலப் படியவைக்க வேண்டும். தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது அந்தத் தோல். பல வாயுக்கள் கலந்து வந்தாலும் ஹைட்ரஜன் மட்டும் அதற்குள் புகுந்து மறுபக்கம் போகும்; மற்றவை வெளியே நின்றுவிடும். தோலில் ஓர் ஊசித்துளை விழுந்தாலும் குழாய் குப்பைக்குத்தான்.

பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவர் அவர். பதினெட்டு வருடம் கடைவீதிப் பட்டறையில் தோடுகளுக்குத் தங்கமுலாம் போட்டார். முதலாளி பட்டறையை மூடிவிட்டு வெளிநாடு போனதும் எங்களிடம் வந்தார். ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் வொசூகியின் ஆராய்ச்சி மாணவர்கள் செய்த குழாய்கள் எல்லாம் கசிந்துகொண்டிருந்த காலம் அது. இவர் செய்த நான்காவது குழாய் கசியவில்லை. உள்ளே நைட்ரஜனை அடைத்து, எரிசாராயத்தில் முக்கி, ஒரு மணி நேரம் குனிந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. நிமிர்ந்தவர், "இடுப்பு போச்சு" என்றார்.

பதினோராவது குழாய் ஓர் உரத் தொழிற்சாலைக்காகச் செய்தது. அவர்கள் கேட்டபடி முந்நூறு மணி நேரம் சூட்டில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்டுவது என் வேலை. அடுப்பு நானூறு டிகிரியில் இருக்கும். எந்தக் காரணத்தால் சூடு இறங்கினாலும், முந்நூறைத் தொடுவதற்குள் நைட்ரஜன் திருகைக் கையால் திறந்து ஹைட்ரஜனை வெளியே தள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆறும்போது பலேடியம் ஹைட்ரஜனைக் குடித்து உப்பி, சுருக்கம் விழுந்து கிழிந்துவிடும். அக்தஸ் கானும் இதைத் தன் கையால் அட்டையில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டியிருந்தார்.

ஒன்பதாவது நாள் காலை பதினோரு மணிக்கு மின்சாரம் போனது. நான் நைட்ரஜன் திருகில் கை வைத்தபோது கைபேசி அடித்தது. என் மனைவி நாஸிலா. ஏழு மாதம். எங்கள் அடுக்குமாடியின் லிஃப்டில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ரூஸ்பெ, மூச்சு முட்டுது. யாருமே வரல."

உள்ளே சரியாகக் கேட்கவில்லை என்று வாசலுக்கு ஓடினேன். அடுக்குமாடிக் காவலாளியைப் போனில் பிடித்து, கம்பியால் கதவை நெம்பச் சொல்லி, அவள் வெளியே வந்து தண்ணீர் குடித்தேன் என்று சொல்லும்வரை அங்கேயே நின்றேன். திரும்பி வந்தபோது பேட்டரியில் ஓடும் வெப்பமானி அடுப்பு நூற்றெண்பதில் இருப்பதாகக் காட்டியது. திருகைத் திறந்தேன். பதிவேட்டில், 'மின்சாரம் போனவுடன் நைட்ரஜன் திறக்கப்பட்டது' என்று எழுதினேன். அளவு பதியும் கருவியும் மின்சாரம் இல்லாமல் நின்றுபோயிருந்தது.

மறுநாள் குழாய் சல்லடையாகக் கசிந்தது. அக்தஸ் கானும் அதை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, நைட்ரஜன் விட்டியா?"

"விட்டேன்க்கா."

"உடனேவா?"

"உடனேதான். எழுதியிருக்கேனே."

அவர் நுண்ணோக்கிக்குத் திரும்பிப் போனார்.

பதிவேடு சரியாக இருந்ததால், குறை முலாமில்தான் என்று வொசூகி எல்லோர் முன்னாலும் அவரைக் கடிந்தார். "பட்டறைப் பழக்கம் உங்களை விட்டுப் போகல, கானும். தோடுல துளை இருந்தா யாருக்குத் தெரியும்? இங்க தெரியும்."

அன்று மாலையே அக்தஸ் கானும் கண்ணாடிச் சாமான் கழுவும் அறைக்கு மாற்றப்பட்டார். ஆராய்ச்சி மாணவி ஒருத்தி அவர் இடத்துக்கு வந்தாள்.

பத்து நாள் கழித்து, சாப்பாட்டு வேளையில் அக்தஸ் கானும் என் எதிரில் உட்கார்ந்து இரண்டு படங்களை மேசைமேல் வைத்தார். ஒன்றில் பதினோராவது குழாயின் தோல். முழுக்கச் சுருங்கி, காய்ந்த கத்தரிக்காய் மாதிரி இருந்தது. மற்றதில், உடைந்த பழைய குழாய்த் துண்டு ஒன்று. ஹைட்ரஜனோடு வேண்டுமென்றே ஆறவிட்டிருந்தார். அதே சுருக்கம்.

"முலாம் சரியில்லேன்னா அங்கங்க துளை விழும். இப்படி ஒட்டுமொத்தமா சுருங்காது. நான் போய்ச் சொன்னா, தப்பிக்கறதுக்குச் சொல்றேன்னுவாங்க. நீதான் சொல்லணும்."

ரொட்டியைக் கீழே வைத்தேன். "குழந்தை பொறக்கட்டும்க்கா. இப்ப வேலை போச்சுன்னா..."

"என் வேலை போயிடுச்சே, ரூஸ்பெ."

படங்களை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

நான் உண்மையிலேயே குழந்தை பிறக்கும்வரை காத்திருந்தேன். அதற்குள் அந்த மாணவி செய்த மூன்று குழாய்களும் கசிந்தன. உரத் தொழிற்சாலைக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். மகன் பிறந்த நான்காம் நாள் வொசூகியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நானாவது அந்தப் பொம்பளைகிட்ட என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

கழுவும் அறைக்கு அவரே நடந்து போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அக்தஸ் கானும் பழைய அறைக்குத் திரும்பினார். மின்சாரம் போனால் தானாகவே திறந்துகொள்ளும் நைட்ரஜன் திருகு ஒன்றைப் பொருத்திய பிறகுதான் அடுத்த குழாயைக் கையில் எடுப்பேன் என்றார், பொருத்தினார்கள். என்னை வாயு உருளைக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். வேலை போகவில்லை. அது போயிருந்தால் மனம் கொஞ்சம் லேசாகியிருக்குமோ என்று இப்போதும் தோன்றுகிறது.

அவருடைய பன்னிரண்டாவது குழாய் கசிந்தது. பதின்மூன்றாவது கசியாமல் நின்றது. ஆனால் அதை வாங்குவதற்கு அப்போது யாரும் இல்லை.

குழந்தையைப் பார்க்க ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் வந்தார்கள். அக்தஸ் கானும் கணவரிடம் ஒரு போர்வையைக் கொடுத்தனுப்பினார், தான் வரவில்லை.

"எப்பப் பாரு அக்கா அக்கான்னு சொல்லுவியே, அவங்க ஏன் வரல?" என்று நாஸிலா கேட்டாள்.

வேலை அதிகம் என்றேன். அந்த லிஃப்டில் இருந்து அவள் கூப்பிட்டபோது என்ன நடந்தது என்று அவளுக்குச் சொல்லவில்லை. பையனுக்கு இப்போது மூன்று வயது. இன்னும் சொல்லவில்லை.